ஆடியவர் ஒருவர், பாடியவர் ஒருவர்

மேனாட்டு மெல்லிசை என்றாலே வெறுங்கூச்சல் என்று ஒதுக்கும் நண்பர்கள் நம் கல்லூரியில் உண்டு. அவர்களோடு வாதாட நான் வரவில்லை. 1970-களின் இறுதியில் உலகெங்கும் முழங்கிய 'போனி எம்' குழுவின் பாடல்களை அண்மையில் வரிசையாகக் கேட்டேன். கேட்கக் கேட்க, இசையைவிட வேறொரு கேள்வியே என்னைப் பற்றிக்கொண்டது.

ஜெர்மனியைச் சேர்ந்த இசைத் தயாரிப்பாளர் பிராங்க் ஃபாரியன் அமைத்த குழு அது. மேடையில் மூன்று பெண்கள், ஓர் ஆண். நால்வரும் கரீபியன் தீவுகளில் பிறந்தவர்கள். 1976-இல் 'டாடி கூல்', 1977-இல் 'மா பேக்கர்', 1978-இல் 'ரஸ்புதின்' என்று அடுத்தடுத்து வெற்றிகள். கம்பீரமான ஆண் குரலும், அதற்கேற்ப பாபி ஃபாரெல் ஆடும் ஆட்டமும் இன்றும் காண்போரைக் கட்டிப்போடும். ஆனால் இசைத்தட்டில் ஒலிக்கும் அக்குரல் தயாரிப்பாளர் ஃபாரியனுடையது! பெண்களிலும் லிஸ் மிட்செல், மார்சியா பாரெட் இருவரே ஒலிப்பதிவில் பாடியவர்கள். இதைப் பின்னாளில் ஃபாரியனே வெளிப்படுத்தினார். அவர் பிறகு அமைத்த 'மில்லி வனில்லி' இரட்டையரின் குட்டு உடைந்தபோதோ, அவர்களுக்கு அளித்த கிராமி விருதே 1990-இல் பறிக்கப்பட்டது.

மேனாட்டார் கொதித்ததுபோல் நம்மால் கொதிக்க முடியுமா? எம்.ஜி.ஆர். வாயசைக்க டி.எம்.சௌந்தரராஜன் பாடினார், சிவாஜிக்கும் அவரே பாடினார். ஏமாந்தோம் என்று எவரும் எண்ணவில்லை. சௌந்தரராஜனின் பெயர் இசைத்தட்டிலும் இருந்தது, வானொலி அறிவிப்பாளரின் நாவிலும் இருந்தது. பாடகருக்கு அந்த உரிமை எளிதில் வந்துவிடவுமில்லை. 1949-இல் வெளிவந்த 'மஹல்' இந்திப் படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டின் இசைத்தட்டில் முதலில் அச்சானது 'காமினி' என்ற கதாபாத்திரத்தின் பெயர்தான்!

குரலை இரவல் பெறுவதில் குற்றமில்லை, குரலுக்குரியவரை மறைப்பதுதான் குற்றம் என்பேன். ஃபாரெலைப் போலி என்று பழிப்பதையும் நான் ஏற்கமாட்டேன். அவருடைய ஆட்டம் இல்லையேல் 'ரஸ்புதின்' பாதிப் பாட்டுதான். (ரஸ்புதின் கொல்லப்பட்டது 1916 டிசம்பர் 30-இல், ஃபாரெல் மறைந்தது 2010-இல் அதே நாளில், அதே பீட்டர்ஸ்பர்க் நகரில். விந்தைதான்!)

'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' பாட்டின் கதையும் இத்தகையதே. 1978-இல் பிரிட்டனில் மட்டும் ஏறத்தாழ 20 இலட்சம் தட்டுகள் விற்றன. சிறைப்பட்டு அயல்நாடு சென்ற மக்களின் புலம்பலான 137-ஆம் சங்கீதத்தை அடியொற்றி, 1970-இலேயே அதை ஆக்கிப் பாடியவர்கள் ஜமைக்காவின் 'மெலோடியன்ஸ்' குழுவினர். ஆடிக் களித்தோரில் எத்தனை பேர் அவர்களை அறிவர்?

நம் கலைவிழாவிலும் ஒலிப்பதிவுக்கு ஆடும் நிகழ்ச்சிகளே மிகுதி. ஆடுவோரின் பெயர், வகுப்பு, துறை யாவும் ஒலிபெருக்கியில் முழங்குகின்றன. பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயரை மட்டும் எவரும் சொல்வதில்லை. அடுத்த ஆண்டு விழாக் குழுவினர் அறிவிப்புத் தாளில் அதற்கும் ஒரு வரி ஒதுக்கட்டும். அரை நிமிடம்கூட ஆகாது.