ஐந்து தாயர், ஒரு சம்பளம்

அகப்பொருள் வகுப்பு. ஈன்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி, செவிலியின் மகள் தோழி என்று பலகையில் எழுதி, தொல்காப்பியம் இதை வரையறுத்திருப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "அம்மா, செவிலிக்குச் சம்பளம் குடுப்பாங்களா?" வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவளுடைய அம்மா ஓர் அடுக்ககத்தில் இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

செவிலியின் அன்பைப் பற்றிக் கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்தவள் நான். முனைவர் பட்டமும் வாங்கியிருக்கிறேன். எனக்கு ஒருநாளும் தோன்றாத கேள்வி இது.

அந்த மாணவியின் கண்ணால் பார்த்தால் நம் இலக்கியம் வேறு மாதிரித் தெரிகிறது. அம்மா வளர்க்கும் பெண்ணுக்கு மகள் துணை. இரண்டு தலைமுறை உழைப்பு ஒரே வீட்டுக்கு. நாம் அதை நட்பு என்று நடத்துகிறோம். தலைவி உடன்போக்குப் போனால் நற்றாய் வீட்டிலிருந்து புலம்புகிறாள். பாலையில் வெயிலில் தேடி நடப்பவள் செவிலி. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் கண்ணகிக்காக அழ வருகிறவர்களில் பார்ப்பனத் தோழி தேவந்திக்குப் பெயர் உண்டு. வளர்த்தவள் வெறும் காவற்பெண்டு. அவள் மகள் அடித்தோழி. வேலையின் பெயர்தான் அவர்களுக்குப் பெயர்.

ஆனால் பழைய நிகண்டுக்காரர்கள் ஒரு விஷயத்தில் நம்மைவிட நேர்மையானவர்கள். குழந்தை வளர்ப்பு ஒரே வேலை இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. செவிலித்தாயரை ஐந்தாகப் பிரித்தார்கள். குளிப்பாட்டுகிறவள் ஆட்டுவாள். சோறும் பாலும் கொடுக்கிறவள் ஊட்டுவாள். தாலாட்டித் தூங்கவைக்கிறவள் ஓலுறுத்துவாள். பேச்சுப் பழக்குகிறவள் நொடிபயிற்றுவாள். இடுப்பில் தூக்கிவைத்துக்கொள்கிறவள் கைத்தாய். அரண்மனைக் கணக்குதான், மறுக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர், ஒரு ஆள். இன்று ஐந்து பேரையும் ஒரே பெண்ணின் உடம்புக்குள் திணித்து 'ஆயா' என்கிறோம். கூடவே பாத்திரத்தையும் சேர்த்துக்கொள்கிறோம்.

என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். அடுத்தவர் வீட்டைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள விருப்பமில்லை.

அரசுக் கல்லூரி ஆசிரியையான எனக்கு மகப்பேறு விடுப்பு ஒன்பது மாதம். 2016இல் ஆறிலிருந்து ஒன்பதாக உயர்த்தினார்கள்; 2021இல் அது ஓராண்டானது. முழுச் சம்பளத்தோடு. இந்த உரிமைக்காகப் பேசிய மேடைகளில் நானும் இருந்திருக்கிறேன். விடுப்பு முடிந்ததும், 2019இல், ஓர் அக்கா வேலைக்கு வந்தார். அவர் பெயரை எழுதவில்லை. எழுதலாமா என்று அவரிடம் கேட்கவில்லை. 'குழந்தையைப் பாத்துக்கணும், அவ்வளவுதான்' என்று சொல்லித்தான் சேர்த்தோம். மாதம் 7,000 ரூபாய். காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை.

முதல் மாதம் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, தூங்கவைத்தார். இரண்டாம் மாதம் கூழ் காய்ச்சுவது சேர்ந்தது. கூழ் காய்ச்சுகிற அடுப்பில் எங்களுக்கும் ஒரு ரசம் வைக்கச் சொன்னோம். குழந்தைத் துணி துவைக்கிறவர் வீட்டுத் துணியையும் துவைத்தார். மாமியாருக்குக் கால் வலி, தைலம் தேய்த்தார். நிலா காட்டிச் சோறூட்டி, காக்கா கதை சொல்லி, என் மகளுக்கு முதல் சொற்களைக் கொடுத்தவரும் அவர்தான். தமிழ்ப் பேராசிரியை வீட்டுக் குழந்தையின் தமிழ் அவருடையது. எதற்கும் தனிக் காசு கிடையாது. ராத்திரி எனக்கு விடைத்தாள் திருத்தும் வேலை வந்தால் தங்கவும் செய்தார். அடுத்த நாள் பழைய புடவை ஒன்று கொடுத்தேன்.

தமிழ்நாடு அரசு 2018இல் வீட்டுவேலைக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. தொடக்கக் கூலியே மணிக்கு 37 ரூபாய். பத்து மணி நேரம், இருபத்தாறு நாள் என்று பெருக்கிப் பாருங்கள்: 9,620 ரூபாய். அதுவே சொற்பம். அரசுச் சம்பளம் வாங்கும் நான், அரசு சொன்ன அந்தச் சொற்பத்திலும் 2,620 ரூபாயை மாதாமாதம் பிடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுப் பணியாளர் நலவாரியம் 2007லிருந்து இருக்கிறது; அதில் அவர் பதிவு செய்திருக்கிறாரா என்று நான் கேட்டதே இல்லை. வீட்டுப் பணியாளர்களுக்கான 189ஆம் உடன்படிக்கையை சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011இல் நிறைவேற்றியது. இந்தியா இன்னும் ஏற்புறுதி தரவில்லை என்று கூட்டங்களில் நாம் கோபப்படுகிறோம். என் வீட்டு வாசற்படியும்தான் ஏற்புறுதி தரவில்லை.

'அவங்க எங்க வீட்ல ஒருத்தி மாதிரி.' இந்த வாக்கியத்தைப் பெண்ணியத் தோழிகள் வாயிலிருந்துதான் அதிகம் கேட்டிருக்கிறேன். நாம் அவரை அக்கா என்போம், அவர் நம்மை மேடம் என்பார். எந்த வீட்டில் அக்கா தங்கையை மேடம் என்று கூப்பிடுகிறாள்? உறவுச் சொல்லை நாம் மட்டும் எடுத்துக்கொள்கிறோம், கூலி பேச வெட்கப்பட வைக்க.

ஒருநாள் காலை அக்காவுக்குப் போன் வந்தது. மகள் வயதுக்கு வந்துவிட்டாள். "மேடம், இன்னிக்கு மட்டும் போயிட்டு வரட்டா?" பதினோரு மணிக்கு எனக்குக் கருத்தரங்கு. கட்டுரைத் தலைப்பு, சங்க அகப்பாடல்களில் செவிலி. அந்தச் சடங்கின் மீது எனக்கு விமர்சனம் உண்டு, எழுதியும் இருக்கிறேன். அந்த விமர்சனத்தை அன்று கையில் எடுத்துக்கொண்டேன். "இதெல்லாம் ஒரு பெரிய விஷயமாக்கா? சாயங்காலம் போய்க்கலாமே" என்றேன். அவர் எதுவும் சொல்லாமல் குழந்தையை இடுப்பில் வாங்கிக்கொண்டார். பயந்துபோன ஒரு பன்னிரண்டு வயதுப் பெண், அம்மா வரும்வரை, சாயங்காலம் ஏழு மணி வரை பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். சடங்குக்காக இல்லை, அம்மாவுக்காக. நான் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தேன்.

இப்படிச் சொல்லும்போது ஒரு கேள்வி வரும்: ஆண்கள் எங்கே? அங்கேதான் இருக்கிறார்கள், சோபாவில். 'உன் சம்பளத்துல பாதி ஆயாவுக்கே போயிடுதே, நீ வேலைக்குப் போய் என்ன மிச்சம்?' என்று கேட்காத கணவர்கள் குறைவு. ஆயாவின் கூலி எப்போதும் மனைவியின் சம்பளத்திலிருந்துதான் கழிக்கப்படும். அப்பாவின் சம்பளத்திலிருந்து கழித்துப் பார்த்த கணக்கை எந்த வீட்டிலும் நான் கண்டதில்லை. இந்தக் கழித்தலோடு சண்டை போடத் தெம்பில்லாமல் நாம் இன்னொரு பெண்ணின் கூலியில் பேரம் பேசுகிறோம். மேலே கேட்க முடியாததைக் கீழே பிடுங்குகிறோம்.

கணக்கு பார்த்தால் பாசம் போய்விடும் என்பார்கள். எனக்குச் சம்பளம் மாதம் பிறந்தால் வங்கியில் வந்து விழுகிறது. ஊதியக் குழு, அகவிலைப்படி, தற்செயல் விடுப்பு எல்லாம் உண்டு. அதனால் குறுந்தொகை மீது எனக்குள்ள காதல் குறைந்துவிட்டதா? காசு வாங்காதபோதுதான் அன்பு சுத்தமானது என்பதைப் பெண்களுக்கு மட்டும், அதிலும் சேரியிலிருந்தும் குப்பத்திலிருந்தும் வரும் பெண்களுக்கு மட்டும், ஏன் பாடம் எடுக்கிறோம்?

எனவே எழுதுங்கள் என்கிறேன். என்ன வேலை, எத்தனை மணி, எவ்வளவு கூலி என்று தாளில் எழுதுங்கள். குழந்தையைப் பார்ப்பது ஒரு வேலை, சமையல் இன்னொரு வேலை, முதியவருக்குக் கால் பிடிப்பது மூன்றாவது. சேர்த்துக் கேட்டால் சேர்த்துக் கொடுங்கள். வாரம் ஒருநாள் விடுப்பு; காரணம் கேட்காமல். முடியவில்லை என்றால் அது உங்கள் வீட்டு ஆணிடம் பேச வேண்டிய விஷயம், அந்தப் பெண்ணிடம் அல்ல.

என் மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் அக்கா நின்றுவிட்டார். போன மாதம் வந்திருந்தார். புது வீட்டில் வேலை, இரட்டைக் குழந்தைகள். "என்ன கேக்கணும்னு எழுதித் தாங்க, மேடம்" என்றார். உட்கார்ந்து எழுதினேன். குளிப்பாட்டுதல், ஊட்டுதல், தூங்கவைத்தல், பேச்சு, தூக்கிவைத்தல் எல்லாவற்றையும் மணியும் கூலியும் போட்டு எழுதிப் படித்துக் காட்டினேன். அந்த அன்றைய நாளுக்காக மன்னிப்பும் கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. தாளை வாங்கி விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் பார்த்தார்.

"ராத்திரி முழிக்கிறத விட்டுட்டீங்களே" என்றார்.