பழைய கணினியும் நமது கணக்கும்



தையல் கடையின் வரவு செலவை இணையவழிக் கணக்கு மென்பொருளில் பதியும் சகோதரி ஒருவர், "கணினி பழசாகிவிட்டது, கணக்கும் அழிந்துவிடுமா?" என்று கேட்டார்.

அழியாது. கணக்கு இருப்பது அந்த மென்பொருள் நிறுவனத்தின் சேவையகத்தில். ஆனால் அவரது விண்டோஸ் 7இற்கான வழமையான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. குரோம் உலாவியின் புதிய பதிப்புகளும் 2023 முதல் அதற்கு வருவதில்லை. கணக்குப் பக்கம் ஒருநாள் திறக்காமல் போகலாம். கடவுச்சொல் களவு போகலாம்.

ஆகவே இப்போதே கணக்கை அச்சிட்டுக் கோவையில் வையுங்கள். புதுக்கணினி வாங்க வசதியில்லையா? மற்றக் கோப்புகளைப் பிரதியெடுத்தபின், விபரம் தெரிந்தவரைக் கொண்டு இலவச லினக்ஸை நிறுவலாம். உலாவி அதிலும் இயங்கும்.

கொப்பியில் எழுதுவதையும் விடாதீர்கள். கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போது நமக்காகப் பேசுவது அந்தக் கணக்குத்தான்.