ஒரு துளி இரத்தமானாலும் கேட்டே எடுக்க வேண்டும்

மருத்துவம் இன்று வியத்தகு வளர்ச்சி பெற்றுள்ளது. நோயாளிகளின் இரத்தத்தையும், அறுவைச் சிகிச்சையில் அகற்றிய சதையையும் ஆராய்ந்தே பல உண்மைகள் கண்டறியப்பட்டன. இந்த ஆராய்ச்சி வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இரத்தத்துக்கு உரியவரிடம் கேட்டார்களா என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் சென்னையிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. எய்ட்ஸ் நோய் இந்தியாவில் இல்லை என்றே பலரும் நம்பியிருந்த காலம் அது. 1986ஆம் ஆண்டு, சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன், தம் மாணவி நிர்மலா செல்லப்பனை இதைப் பற்றி ஆராயச் சொன்னார். விபசாரத்தில் தள்ளப்பட்டுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த ஏழைப் பெண்களிடம் நிர்மலா இரத்தம் எடுத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது, 6 பெண்களின் இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது தெரிந்தது. நாடே விழித்துக்கொண்டது. 2004ஆம் ஆண்டு நமக்கு அருகிலுள்ள தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையில் இந்நோய்க்கு இலவசக் கூட்டு மருந்து தரத் தொடங்கினார்களே, அதற்கெல்லாம் முதற்படி அந்த 6 பேரின் இரத்தம்தான்.

ஆயினும், எதற்காக இரத்தம் எடுக்கிறார்கள் என்பது அப்பெண்களுக்குத் தெரியாது. அவர்கள் படிக்காதவர்கள், சொன்னாலும் புரிந்திருக்காது என்று நிர்மலா அவர்களே பின்னாளில் கூறியிருக்கிறார். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அக்காலத்தில் அதுவே வழக்கம். ஆனால் அதன் பலன் என்ன? கிருமி இருக்கிறது என்பதற்காகவே சில பெண்கள் தண்டனைக் காலம் முடிந்த பின்னும் காப்பகத்தில் அடைத்து வைக்கப்பட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போன பிறகே விடுதலை கிடைத்தது. கொடுத்தது அவர்கள், பயன் பெற்றது நாடு, துன்பப்பட்டதும் அவர்களே!

அமெரிக்காவிலும் இவ்வாறு நடந்ததுண்டு. 1951ஆம் ஆண்டு ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற ஏழைக் கறுப்பினத் தாயின் புற்றுநோய்ச் சதையிலிருந்து எடுத்த செல்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்கின்றன. போலியோ தடுப்பு மருந்தைச் சோதிக்கவும் அவை உதவின. அவரைக் கேட்கவில்லை. அவர் குடும்பத்துக்கே சுமார் 20 ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

கேட்டால் மறுத்துவிடுவார்கள், ஆராய்ச்சி நின்றுவிடும் என்று சிலர் சொல்லலாம். முன்பின் அறியாதவருக்காக இரத்த தானமும் கண் தானமும் செய்யும் மக்கள் நம்மிடையே இல்லையா? எளிய தமிழில் எடுத்துச் சொன்னால் மனமுவந்து கொடுப்பவர் பலர். மறுப்பவர் மறுக்கட்டும், அது அவர் உரிமை. புரியும்படி சொல்வது படித்தவர் கடமை. புரியாது என்று விட்டுவிடுவது எளியோரை இழிவுபடுத்துவதாகும்.

நம் ஆண்டவர் எரிகோவில் பார்வையற்ற பர்த்திமேயுவைக் குணமாக்குமுன், உனக்கு என்ன வேண்டும் என்று அவனையே கேட்டார். எல்லாம் அறிந்தவரே கேட்டாரென்றால் நாம் கேட்க வேண்டாமா?

உரியவரின் சம்மதமின்றி எச்.ஐ.வி. சோதனையோ ஆராய்ச்சியோ செய்யக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆனால் கைநாட்டு வாங்குவது மட்டும் சம்மதம் ஆகாது. எதற்கு என்று சொல்ல வேண்டும், முடிவையும் தெரிவிக்க வேண்டும்.

தோழியரே, நம்மில் சிலர் நாளை மருத்துவராகவும் செவிலியராகவும் ஆவோம். ஊசியைக் கையில் எடுக்குமுன், எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துக் கேட்போம்!