பரிசலில் இருவர்

தருமபுரி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. பென்னாகரத்துக்காரர் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பாதி நாள் பஸ்ஸில் உட்கார வேண்டும். ஆனாலும் கணவனும் மனைவியும் ஒரே படகில் ஏறி, காற்றின் போக்கைப் பார்த்துப் பிழைத்து, பொழுது சாய்ந்த இடத்தில் கரையொதுங்குகிற வாழ்க்கை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஏரியூர், நெருப்பூர் தாண்டி நாகமரைத் துறைக்குப் போனால் பார்க்கலாம். ஒட்டனூரிலும் பார்க்கலாம்.

பரிசல் என்றதும் நமக்கு ஒகேனக்கல்தான் நினைவுக்கு வரும். எண்ணெய்க் குளியல், பொரித்த மீன், அருவிச் சாரலில் நனைந்தபடி ஒரு சுற்று. அதற்கு மேலே ஆற்றில் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை என்று செய்தி வரும். குறைந்தால் தடை நீங்கியது என்று வரும். அருவியைத் தாண்டிய பிறகு காவிரி என்ன ஆகிறாள் என்று வந்தவர்கள் யாரும் கேட்பதில்லை. அவள் மலைகளுக்கு நடுவே இறங்கி, மேட்டூர் அணையின் தேக்கத்தில் அகன்று போகிறாள். 1925இல் கட்டத் தொடங்கி 1934இல் முடித்த அணை அது. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயரை அந்த நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. நிரம்பி நின்றால் ஏறத்தாழ 59 சதுர மைல் தண்ணீர். அணை சேலம் மாவட்டத்தில் இருக்கிறது. தேக்கத்தின் ஒரு கரை நம்முடையது. ஜூன் 12 வந்தால் டெல்டாவுக்குத் தண்ணீர் திறப்பார்களா என்று தமிழ்நாடே அந்த அணையைப் பார்க்கும். அந்தத் தண்ணீரின் மேல் குடும்பம் நடத்துகிறவர்களைப் பற்றிப் பேச்சே எழாது.

கோடை தொடங்கிய சமயம், ஒரு சாயங்காலம், நாகமரைப் பக்கம் ஒரு பரிசல் வலை விடக் கிளம்பியதைக் கரையில் நின்று கவனித்தேன். பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று எதுவும் கிடையாது. மூங்கில் பிளாச்சில் பின்னி, அடியில் பிளாஸ்டிக் சாக்கைப் போர்த்தித் தார் பூசிய வட்டம் அது. பக்கவாட்டில் துடுப்பைப் போட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். அதனால் துடுப்புப் பிடிக்கிறவர் விளிம்போரம் மண்டியிட்டு, தனக்கு நேர் முன்னால் தண்ணீரைக் குத்தி, இடமும் வலமும் லேசாக முறுக்கித் தன் பக்கம் இழுக்க வேண்டும். அந்தப் பரிசலில் துடுப்பு இருந்தது மனைவியின் கையில். கணவர் எதிர் விளிம்பில் உட்கார்ந்து வலையை மடிப்பு மடிப்பாகப் பிரித்துத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தார். காலித் தண்ணீர் பாட்டில்கள்தான் மிதவை. இருவரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டியபடி வேலை செய்தார்கள். வலை எங்காவது முள்ளில் மாட்டினால் அவர் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே அந்தம்மா துடுப்பை நிறுத்திவிடுகிறார். பரிசல் சாய்கிற சாய்விலிருந்தே அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

வலையைத் தூக்கும்போதுதான் இருவரின் கணக்கும் சரியாக இருக்க வேண்டும். பாரம் ஏறிய வலையை இழுக்க அவர் வெளியே குனிகிற அதே நொடியில் இவர் எதிர்ப்பக்கம் நகர்ந்து உட்கார வேண்டும். இருவரும் ஒரே பக்கம் சாய்ந்தால் விளிம்பு தண்ணீரில் முங்கிவிடும். கட்லாவும் ரோகுவும் நிறைய விழுகிற நாள்தான் ஆபத்தான நாளும்.

கரைக்கு வந்த பிறகு பேச்சுக் கொடுத்தேன். "அவ துடுப்ப விட்டா நான் வலையோட சுத்திக்கிட்டுக் கெடக்க வேண்டியதுதாங்க" என்றார் அவர். அந்தம்மா வலையில் சிக்கிய குச்சியைப் பிரித்துக்கொண்டே சொன்னார்: "காத்து எந்திரிச்சா மாமாவுக்குத் தெரியாதுங்கண்ணா. அவரு தண்ணியத்தான் பாப்பாரு. மலையப் பாக்கறது நான்தான்."

அவர் காட்டிய மலை, அக்கரையில் இருக்கிற பாலமலை. கோடையில் அந்தப் பக்கம் கறுத்தால் கரைக்குத் திரும்பிவிட வேண்டும். ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்று அகன்ற தேக்கத்தில் அலையைக் கிளப்பிவிடும். எஞ்சின் இல்லாத படகுக்கு, கரை எவ்வளவு தூரம், காற்று வர எவ்வளவு நேரம் என்ற இரண்டு கணக்கும்தான் உயிர்.

பாய்மரப் படகில் உலகம் சுற்றிய தம்பதிகளைப் பற்றிப் பல ஆண்டுகளாக விருப்பத்தோடு படித்து வருகிறேன். எரிக் ஹிஸ்காக், சூசன் ஹிஸ்காக் என்ற ஆங்கிலேயத் தம்பதி 'வாண்டரர் 3' என்ற 30 அடிப் படகில் 1952இல் கிளம்பி 1955இல் உலகைச் சுற்றித் திரும்பினார்கள். அவர்களுக்குப் பின்னால் லாரி பார்டி, லின் பார்டி. லாரி கனடாக்காரர், அவர் மனைவி லின் அமெரிக்கர். தங்கள் கையாலேயே கட்டிய 'செராஃபின்' என்ற 24 அடிப் படகை 1968இல் தண்ணீரில் இறக்கினார்கள். அதில் எஞ்சினே வைக்கவில்லை. காற்று நின்றால் காத்திருந்தார்கள், துறைக்குள் நுழைய நீண்ட துடுப்பைப் போட்டுத் தள்ளினார்கள். அடுத்து 'தலேசின்' என்று இன்னொரு படகையும் கட்டினார்கள், அதிலும் எஞ்சின் இல்லை. கணவன் மனைவியாகக் கடலோடப் புறப்படுகிற பலர் இன்றும் இவர்கள் எழுதிய புத்தகங்களைத் தேடிப் படிக்கிறார்கள்.

இவர்களை எல்லாம் படித்து எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்றே. இருவர் போகிற படகில் பயணி என்று யாரும் இருக்க முடியாது. ஒருவர் தூங்கினால் மற்றவர் விழித்திருக்க வேண்டும். ஒருவர் பாயைச் சுருட்டப் போனால் மற்றவர் சுக்கானைப் பிடிக்க வேண்டும். யார் பெரியவர் என்று படகு கேட்காது, கையில் இருக்கிற வேலை நடக்கிறதா என்றுதான் கேட்கும். நம் கடற்படையின் 'தாரிணி' என்ற பாய்மரப் படகு 2024 அக்டோபர் 2ஆம் தேதி கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே மாத இறுதியில் திரும்பியது. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் அந்த 56 அடிப் படகில் இருவராகவே போனார்கள். கடற்படை அதிகாரிகளான அந்த இரண்டு பெண்களும் எட்டு மாதம் ஒருவர் கையை இன்னொருவர் நம்பி நடத்திய பயணம் அது. நாடு அவர்களைக் கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான்.

அதே நம்பிக்கைதான் நாகமரைப் பரிசலிலும் இருக்கிறது. ஆறேழு அடி வட்டத்துக்குள், ஒவ்வொரு சாயங்காலமும், ஒவ்வொரு விடியற்காலையும். அது யார் கண்ணிலும் படவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இந்தக் குடும்பங்களுக்கு நிலையான கரை கிடையாது. தண்ணீர் வடிந்தால் கரை கீழே இறங்கிப் போகும், ஏறினால் மேலே வரும். வடிந்த மண்ணில் சிலர் கம்பும் சோளமும் விதைப்பார்கள். தண்ணீர் மிகவும் கீழே போனால் அணைக்குள் மூழ்கிக் கிடக்கிற பழைய பண்ணவாடியின் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். 2024 ஜூலைத் தொடக்கத்தில் அணையின் நீர்மட்டம் 40 அடிக்குக் கீழே கிடந்தது. அதே மாதம் 30ஆம் தேதி 120 அடியைத் தொட்டது. நிரம்பிவிட்டது என்று ஊரெல்லாம் மகிழ்ந்தோம். நீர்விளிம்பில் தார்ப்பாய் கட்டிக் குடியிருந்த வலைக்காரக் குடும்பம் அந்த ஒரு மாதத்தில் அடுப்பை எத்தனை இடம் மாற்றியிருக்கும்! மூட்டை கட்டி, வலையைச் சுருட்டி, பிள்ளையின் புத்தகப் பையையும் மேட்டுக்கு ஏற்றியிருப்பார்கள்.

அவர்கள் இருப்பிடத்தில் சாமான் அதிகம் இல்லை. களி கிண்டுகிற சட்டி, குழம்புச் சட்டி, தண்ணீர்க் குடம், சார்ஜ் போட்டு எரிக்கிற விளக்கு, இரண்டு போர்வை. மழை வந்தால் பரிசலைக் கவிழ்த்து, ஒரு பக்கம் கல் முட்டுக் கொடுத்து, அதற்கடியில் படுத்துக்கொள்வார்கள். பகலில் படகாக இருப்பதே இரவில் கூரையாகிறது. பெரிய பிள்ளை ஏரியூர்ப் பக்கம் பாட்டி வீட்டில் தங்கிப் படிக்கிறான் என்று அந்தம்மா சொன்னார். லீவு விட்டால் வந்துவிடுவானாம். வந்தால் துடுப்பைக் கையில் கொடுக்கச் சொல்லி அடம் பிடிப்பானாம். அவர் கொடுப்பதில்லை.

இப்படி வாழ்கிறவர்கள் காவிரிக் கரையில் மட்டும் இல்லை. கேரளத்தில் கொச்சிப் பக்கம் காயலோரம் போனவர்கள் பார்த்திருக்கலாம். மைசூர்ப் பக்கத்திலிருந்து பரிசலோடு வந்த குடும்பங்கள் சாலையோரம் தார்ப்பாய் கட்டித் தங்கி, இரவெல்லாம் இருவர் இருவராக மீன் பிடிக்கின்றன. பெரிய கப்பல் வந்து போகிற துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே அந்தச் சிறு வட்டங்கள் மிதக்கின்றன. மலையடிவாரத்து ஆற்றில் பிறந்த படகு உப்புத் தண்ணீர் வரை போய்விட்டது. அங்கேயும் ஒருவர் வலையில், ஒருவர் துடுப்பில்.

அதே கேரளத்தில்தான் நமக்குப் பாடமாக ஒரு காரியம் நடந்தது. திருச்சூர் மாவட்டத்துச் சாவக்காட்டுக் கடற்கரையில் கார்த்திகேயன், ரேகா என்று ஒரு தம்பதி. கணவரோடு போய்க்கொண்டிருந்த ஆட்கள் நின்றுவிட்டார்கள், புது ஆள் வைக்க வசதி இல்லை. ரேகா தானே படகில் ஏறினார். கடலுக்குப் பெண் போகக் கூடாது என்று ஊர் பேசியது. அவர் போனார். கேரள மீன்வளத் துறை அவர் பெயரிலேயே உரிமம் கொடுத்தது. ஆழ்கடலில் மீன் பிடிக்க உரிமம் பெற்ற இந்தியாவின் முதல் பெண் என்று 2017இல் கொச்சியிலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் அந்தத் தம்பதியை அழைத்துப் பாராட்டியது. ரேகா அதற்கு முன்பே ஆண்டுக்கணக்கில் கடலுக்குப் போய்வந்தவர்தான். உரிமம் வந்த பிறகு அந்த உழைப்புக்கு ஏட்டில் ஓர் இடம் கிடைத்தது.

நாகமரையில் நான் பேசிய குடும்பத்தில் மீனவர் அட்டை கணவர் பெயரில் மட்டும்தான் இருந்தது. "நான் கூட ஒத்தாசைக்குப் போறவதானேங்கண்ணா" என்று அந்தம்மாவே சொன்னார். வருத்தமாக இருந்தது. மலையைப் பார்த்துக் காற்றைக் கணிக்கிறவர், பரிசலை முள்ளில் சிக்காமல் நடத்துகிறவர், பாரம் ஏறும்போது எடையை மாற்றி இருவர் உயிரையும் காப்பாற்றுகிறவர் ஒத்தாசைக்குப் போகிறவர் என்றால், படகோட்டி என்று வேறு யாரைச் சொல்வது?

இதில் மரியாதையோடு பணமும் உயிரும் சம்பந்தப்பட்டிருக்கின்றன. மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மீனவர்களுக்கு விபத்துக் காப்பீடு உண்டு. உயிரிழப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம் ரூபாய் என்பது அதன் விதி. உள்நாட்டு மீனவர்களும் அதில் சேரலாம். ஆனால் பதிவில் பெயர் இருந்தால்தான் காப்பீடு. ஒரே பரிசலில், ஒரே அலையில் இருவர் கவிழ்ந்தால், ஏட்டில் பெயர் இருக்கிறவருக்கு மட்டும் கணக்கு எழுதுவது நியாயம் ஆகாது.

உயிர்காப்பு உடையும் அப்படித்தான். ஒகேனக்கல்லில் சுற்றுலாப் பயணி அதை மாட்டாமல் பரிசலில் ஏற முடியாது. அரை மணி நேரம் தண்ணீரில் இருக்கிறவருக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. ஆயுள் முழுக்கத் தண்ணீரில் இருக்கிறவர்கள் வெறும் சேலையோடும் லுங்கியோடும் போகிறார்கள். நீச்சல் தெரியுமே என்று சொல்லிவிடலாம். நைலான் வலை காலில் சுற்றிக்கொண்டால் நீச்சல் உதவாது. துடுப்புப் போடக் கை தடைபடாத, உள்ளூர் வெயிலுக்கு ஒத்துவருகிற மெல்லிய உடை வேண்டும். அதைக் கொடுக்க முடியாத அளவுக்கு அரசுக்குப் பஞ்சம் இல்லை.

பெரிய செலவு எதையும் நான் கேட்கவில்லை. நாகமரையிலும் ஒட்டனூரிலும் ஊட்டமலையிலும் மீன் எடை போடுகிற இடத்திலேயே ஒரு நாள் முகாம் போடட்டும். விடியற்காலையில் போட வேண்டும், அவர்கள் கரைக்கு வருகிற நேரம் அதுதான். வந்து நிற்கிற ஒவ்வொரு பரிசலிலிருந்தும் எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று எண்ணி, இறங்கிய அத்தனை பேரின் பெயரையும் எழுதட்டும். துடுப்புப் பிடித்த பெண்ணின் பெயரைத் தனி வரியில், யாருடைய மனைவி என்ற அடையாளத்துக்கு முன்னால், மீனவர் என்ற தொழிலோடு எழுதட்டும். அட்டை, காப்பீடு, உயிர்காப்பு உடை மூன்றும் அந்த வரியிலிருந்து தொடங்கும். இந்த மாவட்டத்தில் பிறந்தவன் என்ற உரிமையோடு மாவட்ட ஆட்சியருக்கும் மீன்வளத் துறைக்கும் நான் வைக்கும் கோரிக்கை இது. இதைப் படிக்கிற ஏரியூர், பென்னாகரம் பக்கத்து வாசகர்கள் அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து இதையே கேட்க வேண்டும்.