அடைக்கவும் உரிமை, திறக்கவும் உரிமை

கடையடைப்பு அறிவிப்பு வருகிற ஒவ்வொரு முறையும் நம் சங்கக் கூட்டங்களில் இரண்டு குரல்கள் எழுகின்றன. "ஊரே அடைக்கும்போது ஒருவர் மட்டும் திறந்து வைத்து விற்பது துரோகம்" என்பது ஒன்று. "என் கடை, என் முதல், அடை என்று சொல்ல நீ யார்?" என்பது மற்றொன்று. முதலாமவர் ஒற்றுமையை மதிக்கிறார். இரண்டாமவர் தம் பிழைப்பை மதிக்கிறார். வணிகனுக்கு இரண்டுமே வேண்டும். ஒரு தட்டைக் கையால் அழுத்திக்கொண்டு எடை சரி என்று சொல்வது நம் தொழிலுக்கு அழகல்ல.

கடையடைப்பு நமக்கு அரசியல் கட்சிகள் கற்றுக்கொடுத்த வித்தை அன்று. 'ஹர்த்தால்' என்பதே குஜராத்திக் கடைவீதியில் பிறந்த சொல். கடைக்குப் பூட்டு என்பது அதன் பொருள். ரௌலட் சட்டத்தை எதிர்த்து 1919 ஏப்ரல் 6 அன்று காந்தியடிகள் நாடு தழுவிய ஹர்த்தாலுக்கு அழைத்தபோது, கடைவீதியின் பழக்கம் விடுதலைப் போரின் கருவியாயிற்று. 2012 செப்டம்பரில் பல்பொருள் சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் வரை அந்நிய முதலீட்டுக்கு மத்திய அரசு கதவைத் திறந்தபோது, 20-ஆம் தேதி நாடெங்கும் வணிகர்களும் கடைகளை அடைத்து எதிர்ப்பைக் காட்டினார்கள். ஆகவே "கடையடைப்பே கூடாது" என்று சொல்ல நமக்கு வாய் இல்லை. நாளை நமக்கே அது தேவைப்படும்.

அதே ஆயுதத்தின் மறுபக்கத்தையும் வரலாறு காட்டியிருக்கிறது. 1921 நவம்பர் 17 அன்று வேல்ஸ் இளவரசர் பம்பாயில் வந்திறங்கியபோது காங்கிரஸ் ஹர்த்தால் நடத்தியது. அதில் சேராமல் இளவரசரை வரவேற்கச் சென்ற பார்சிகளும் கிறிஸ்தவர்களும் தாக்கப்பட்டார்கள், கடைகள் சூறையாடப்பட்டன. அப்போது பம்பாயில் இருந்த காந்தியடிகள், அழைப்பு விடுத்தது தம் கட்சியே என்று பார்க்காமல், நகரில் அமைதி திரும்பும் வரை உண்ணாவிரதம் இருந்தார். அழைக்கும் உரிமை எந்த இடத்தில் முடிகிறது என்பதை அந்த உண்ணாவிரதம் சொல்லிவிட்டது.

நம் அரசியல் சட்டமும் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்திலேயே வைத்திருக்கிறது. கருத்தைச் சொல்லும் உரிமை, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை, தொழிலும் வணிகமும் செய்யும் உரிமை எல்லாம் ஒரே 19-வது பிரிவில் இருக்கின்றன. ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடக் கூடாது என்பதே நீதிமன்றங்கள் சொல்லி வருவது. மக்களின் நடமாட்டத்தையும் தொழிலையும் பலவந்தமாக முடக்கும் பந்த் சட்ட விரோதம் என்று 1997 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. அவ்வாண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2003 ஜூலையில் மும்பையில் நடத்தப்பட்ட பந்துக்காக, மறு ஆண்டு பம்பாய் உயர் நீதிமன்றம் இரண்டு கட்சிகளுக்குத் தலா 20 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது.

ஆனால் தீர்ப்பு மட்டும் ஷட்டரைத் தூக்கிவிடாது. 1997-க்குப் பிறகு கேரளத்தில் 'பந்த்' என்ற சொல்தான் மறைந்தது. 'ஹர்த்தால்' என்ற பெயரில் கடைகள் முன்போலவே மூடப்பட்டன. கடைசியில், 2018-ன் இறுதியில் அங்குள்ள வணிகர் அமைப்புகளே கூடி, இனி ஹர்த்தாலுக்குக் கடை அடைப்பதில்லை என்று முடிவெடுத்தன. சபரிமலையில் பெண்கள் நுழைந்ததைக் கண்டித்து 2019 ஜனவரி 3 அன்று நடந்த ஹர்த்தாலின்போது, கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் திறந்த கடைகள் தாக்கப்பட்டன. திடீர் ஹர்த்தால்கள் கூடாது, ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று 7-ஆம் தேதி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 8, 9 தேதிகளில் தொழிற்சங்கங்களின் நாடு தழுவிய வேலைநிறுத்தம் வந்தது. அப்போதும் மிட்டாய்த் தெருவில் கடைகள் திறந்தன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் அழைப்பு பக்தியின் பெயரால் வந்தது. இரண்டாவது அழைப்பு தொழிலாளர் நலன் பெயரால் வந்தது. கோழிக்கோட்டு வணிகர் எந்தக் கோரிக்கை சரி, எது தவறு என்று தீர்ப்புச் சொல்லவில்லை. அவரவர் விருப்பம் அவரவர்க்கு; கட்டாயம் மட்டும் யாரிடமிருந்து வந்தாலும் ஏற்பதில்லை என்று இருவருக்கும் ஒரே படிக்கல்லை வைத்தார்கள். நமக்குப் பிடித்த கட்சி அழைத்தால் அது தியாகம், பிடிக்காத கட்சி அழைத்தால் அது அராஜகம் என்று பேசுகிற நம்மில் சிலர் இதை யோசிக்க வேண்டும்.

"விருப்பம் என்று விட்டுவிட்டால் யார் அடைப்பார்கள்? நாலு பேர் அடைக்க, ஐந்தாவது கடைக்காரர் அரை ஷட்டரில் விற்றுக் கல்லாவை நிரப்பிக்கொள்வாரே" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. நாலு பேர் நட்டப்பட்டு வாங்கித் தரும் நன்மை ஐந்தாமவருக்கும் சேர்த்துத்தான் வருகிறது. ஆனால் கண்ணாடி உடையுமே என்ற பயத்தில் அடைத்த கடையையும் மனமுவந்து அடைத்த கடையையும் வெளியிலிருந்து பார்ப்பவரால் பிரித்தறிய முடியாது. பயம் கலந்துவிட்டால், மனமுவந்து அடைத்தவரின் தியாகத்துக்கும் மதிப்புப் போய்விடும். கலப்படச் சரக்கு நல்ல சரக்கின் விலையையும் கெடுப்பது போலத்தான் இது.

மேலும் ஒரு நாள் அடைப்பு எல்லோருக்கும் ஒரே சுமை அன்று. மண்டிக்காரரின் பருப்பு மூட்டை நாளையும் விலைபோகும். கீரையும் பாலும் தக்காளியும் விற்பவருக்கு அன்றைய சரக்கு அன்றோடு போயிற்று. தினவசூல் கடன் வாங்கியவருக்கு வசூல்காரர் விடுமுறை தருவதில்லை. அன்றாடக் கூலிக்குச் சுமை தூக்குகிறவர் வீட்டில் அன்று உலை வைப்பது எப்படி என்பதை நாம்தான் கேட்க வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு கிளைச் சங்கமும் சில முறைகளைத் தீர்மானமாக நிறைவேற்றும்படி வேண்டுகிறோம். கட்சிகளின் அழைப்புக்குச் சங்கத்தின் பெயரை ஒரு சிலர் தொலைபேசியில் பேசிக் கொடுத்துவிடலாகாது. பொதுக்குழு கூடி, சிறுகடைக்காரர் கருத்தும் கேட்டு, வாக்கெடுத்து முடிவு செய்ய வேண்டும். நம் சொந்தக் கோரிக்கைக்கான அடைப்பானாலும் ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். பாலும் மருந்தும் விலக்கு. அரை நாள் அடைப்பும் கறுப்புக் கொடியும் போதுமான இடத்தில் முழு நாள் வேண்டாம். அன்றாடக் கூலித் தொழிலாளருக்கு அன்றைய கூலியை முதலாளி தர வேண்டும். திறந்து வைத்த உறுப்பினரிடம் பேசலாம், வாதாடலாம், வருத்தத்தையும் சொல்லலாம். அபராதமோ மிரட்டலோ சரக்கு நிறுத்தமோ கூடாது. எந்தக் கட்சியின் அழைப்பானாலும், திறந்த கடையைத் தாக்கினால் சங்கமே முன்னின்று காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

இவற்றில் மிகக் கடினமானது, நம் அழைப்பை ஏற்காத நம் உறுப்பினரை விட்டுவைப்பதுதான். அதைச் செய்தால்தான், நாளை ஒரு கூட்டம் நம் கடை வாசலில் வந்து "அடை" என்று அதட்டும்போது "முடியாது" என்று நிமிர்ந்து சொல்லும் தகுதி நமக்கு இருக்கும்.