அந்தச் சிங்கத்திற்கு வயது என்ன?

மாணவர்களே, ஒருவர் ஆப்பிரிக்காவில் சிங்க வேட்டைக்குப் போகத் திட்டமிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தான்சானியா போன்ற சில நாடுகளில் இது சட்டப்படியே நடக்கிறது. உரிமம் பெற்ற வேட்டை வழிகாட்டியைப் பல மாதங்களுக்கு முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். அரசு ஒதுக்கிய எண்ணிக்கைக்குள் ஒரு சிங்கம் கிடைக்க வேண்டும். செலவு பல்லாயிரம் டாலர். தோலையும் மண்டையோட்டையும் ஊருக்குக் கொண்டுபோக, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின்படி அனுமதியும் வேண்டும்.

இத்தனை தாள்களிலும் முதலில் இடம்பெற வேண்டிய கேள்வி, சுடப்படும் சிங்கத்தின் வயது என்ன என்பதுதான்.

காரணம் இருக்கிறது. ஒரு சிங்கக் கூட்டத்தில் பெண் சிங்கங்களும் குட்டிகளும் இருக்கும். ஒன்றோ சிலவோ ஆண் சிங்கங்கள் அவற்றைக் காக்கும். காவல் ஆண் இறந்தால் வெளியிலிருந்து வேறு ஆண்கள் வந்து கூட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். பழைய ஆணின் குட்டிகளைப் பெரும்பாலும் கொன்றுவிடும். குட்டிகளை இழந்த தாய் விரைவில் மீண்டும் இனச்சேர்க்கைக்குத் தயாராகும் என்பதே அதற்குக் காரணம். ஆக, சுடப்படுவது ஒரு சிங்கம், இறப்பவை பல.

கிரேக் பேக்கரும் சக ஆய்வாளர்களும் தான்சானியச் சிங்கங்களைப் பற்றிப் பல ஆண்டுகள் திரட்டிய தரவுகளைக் கணினி மாதிரியில் இட்டுப் பார்த்தார்கள். முடிவு 2004இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. ஏறக்குறைய 6 வயதைத் தாண்டிய ஆண்களை மட்டும் சுட்டால் மொத்த எண்ணிக்கை பெரிதாகப் பாதிக்கப்படாது என்பதே அது. அந்த வயதுக்குள் ஆண் சிங்கம் தன் குட்டிகளை வளர்த்து ஆளாக்க வாய்ப்புண்டு. வயதை மூக்கை வைத்து ஓரளவு கணிக்கலாம். இளம் சிங்கத்தின் மூக்கு இளஞ்சிவப்பாக இருக்கும். வயது ஏற ஏறக் கருமை கூடும். மொசாம்பிக்கின் நியாசா வனப்பகுதியில் இளம் சிங்கத்தைச் சுட்டால் மறு ஆண்டு ஒதுக்கீடு குறையும் என்ற விதியே வந்தது.

சரி, ஜிம்பாப்வேயில் 2015இல் சுடப்பட்ட சிசில் என்ற சிங்கத்திற்கு 13 வயது. அப்படியானால் அதைச் சுட்டது சரிதானா என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சிங்க இனம் தாங்குமா என்பது அறிவியல் கேள்வி. அதற்குத் தரவு பதில் சொல்லும். மகிழ்ச்சிக்காக ஓர் உயிரைக் கொல்லலாமா என்பது அறக் கேள்வி. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் என் மனவருத்தம் தரவு ஆகிவிடாது.

அப்படியானால் முழுத் தடைதான் வழியா? கென்யா 1977இல் வேட்டையைத் தடைசெய்தது. இருந்தும் 2016 வரை அதன் மேய்ச்சல் நிலங்களில் வனவிலங்குகள் சராசரியாக 68 விழுக்காடு குறைந்தன. தடையால்தான் குறைந்தன என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள்! மக்கள்தொகை, ஆடு மாடுகள், வேலிகள் என்று மாறிகள் பல. தடை மட்டும் போதாது என்பதே இதிலிருந்து தெரிகிறது. நமீபியாவிலோ 1996 சட்டத்திற்குப் பிறகு, காட்டை ஒட்டி வாழும் சமூகங்களுக்கு வேட்டை வருமானமும் இறைச்சியும் கிடைக்கின்றன. அதனால் விலங்கைக் காப்பதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

என் கருத்து இதுதான். விலங்குகளை எண்ணாத இடத்தில், வயதைச் சரிபார்க்காத இடத்தில், பணம் ஊராருக்குப் போய்ச் சேராத இடத்தில் வேட்டைக்கு அனுமதி கொடுக்கக்கூடாது. பாதிப்பில்லை என்று நிரூபிக்க வேண்டியவர் துப்பாக்கி வைத்திருப்பவர்தான். அடுத்த முறை இறந்த சிங்கத்தின் படத்தைக் கைப்பேசியில் பார்க்கும்போது கோபப்படுங்கள், தவறில்லை. கூடவே அதன் வயதையும் கேளுங்கள்.