ஆட்டோ த்ராட்டில் இருந்தும் வேகம் குறைந்தது ஏன்?

2013 ஜூலை 6, சான் பிரான்சிஸ்கோ. தரையிறங்க வந்த ஏசியானா 214 விமானத்துக்குத் தேவைப்பட்ட வேகம் 137 நாட். மணிக்குச் சுமார் 254 கி.மீ. அது 103 நாட் வரை சரிந்தது. ஓடுபாதைக்கு முன்னால் இருந்த கடல் தடுப்புச் சுவரில் வால் மோதியது. 3 பேர் பலி.

வேகத்தை ஆட்டோ த்ராட்டில் பார்த்துக்காதா? பார்த்துக்கும்னுதான் விமானிகளும் நம்பினார்கள். ஆனால் உயரத்தைக் குறைக்க அவர்கள் தேர்ந்தெடுத்த மோடில் த்ராட்டிலைக் கையால் பின்னுக்கு இழுத்ததும் அது 'ஹோல்டு' நிலைக்குப் போய்விட்டது. அந்த நிலையில் அது வேகத்தைக் கட்டுப்படுத்தாது. திரையில் அந்தச் சொல் தெரிந்தது; யாரும் கவனிக்கலை.

500 அடியில் வேகமோ, இறங்கும் வீதமோ, என்ஜின் சக்தியோ சரியில்லைன்னா மீண்டும் மேலேறணும். இவர்கள் மேலேற முடிவெடுத்தது 100 அடிக்கும் கீழே.

பழி விமானிகள் மேல் மட்டும் விழவில்லை. போயிங்கின் கையேடும் ஏசியானாவின் பயிற்சியும் இதைச் சரியாக விளக்கவில்லை என்றது அமெரிக்க விசாரணை வாரியம்.